பலகையில் நான் காட்டிய இடைவெளி

பந்தயத்தில் அண்ணன் ஓட்டும் காரை நான் சுற்றுக்கு ஒருமுறைதான் பார்ப்பேன். அதுவும் ஒரு நொடிக்குள். மீதி நேரமெல்லாம் அவன் மரங்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு சத்தமாக மட்டும் இருப்பான். நான் நிற்பது நேர்பாதையை ஒட்டிய இடுப்புயரச் சுவரில். கையில் ஒரு கறுப்புப் பலகை, அதில் மூன்று வரி. மேல் வரியில் அவன் எத்தனையாவது இடம் என்று இருக்கும். நடு வரியில், பின்னால் வருகிறவன் எத்தனை நொடி தள்ளி வருகிறான் என்று. கீழே இன்னும் எத்தனை சுற்று பாக்கி. மஞ்சள் எண் தகடுகளைச் செருகி, அவன் வரும் நேரம் பார்த்துச் சுவருக்கு வெளியே நீட்ட வேண்டும். காற்றடித்தால் பலகை கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும்.

நாங்கள் ஓடும் பந்தய வகுப்பு வண்டிகளில் ரேடியோ கிடையாது. ஹெல்மெட்டுக்குள் யார் குரலும் போகாது. என் கைப்பேசியில் நேரக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற ஒருவர்கூட நினைத்தால் அதைத் திறந்து, அண்ணன் இந்த நொடியில் எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிடலாம். பார்க்க முடியாத ஒரே ஆள் அண்ணன்தான். அவனுக்கு அந்தப் பலகை மட்டும். அதிலும் நான் காட்டுவது போன சுற்றின் கணக்கு. அவன் படிக்கும்போதே அது பழசு.

இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம், அந்தப் பலகையில் நான் செய்த காரியம்தான் இங்கே எழுதப்போவது.

அண்ணன் எனக்கு நாலு வயது மூத்தவன். டிப்ளமோ முடித்து ஒரு கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். லைன் கடைசியில் இறங்கும் புதுக் காரைக் கம்பெனிக்குள் இருக்கிற சின்னத் தளத்தில் ஓட்டிப் பார்த்து, பிரேக், ஸ்டீரிங், சத்தம் என்று வரிசையாக டிக் போட்டுத் தரும் வேலை. நாற்பதில் போ என்றால் நாற்பதுதான். முள் அசையாது. ஒரு ஷிப்டில் எத்தனை கார் வந்தாலும் ஒன்றில்கூடக் கீறல் விழுந்ததில்லை என்று அவன் சூப்பர்வைசரே எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அவரும் அப்படித்தான். ஆக, ரத்தத்தில் கோளாறு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வேறு ஆள்.

அவன் பந்தயத்துக்குள் நுழைந்ததே கொடி பிடிக்கத்தான். பந்தய நாட்களில் திருப்பங்களில் நின்று கொடி காட்ட ஆட்கள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கல்லூரிகளில் இருந்து பையன்களைச் சேர்ப்பார்கள். ஒரு தொப்பி, ஒரு சாம்பார் சாதப் பொட்டலம், கூலி அவ்வளவுதான். அண்ணன் ஒரே திருப்பத்தில் இரண்டு வருடம் நின்றான். யார் எங்கே பிரேக் அடிக்கிறார்கள் என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டுப் பார்த்திருக்கிறான். ஒருநாள் எங்கள் டீம் ஓனர் சாரிடம் போய், "சார், உங்க டிரைவர் அஞ்சாவது திருப்பத்துல ஒரு வண்டி நீளம் சீக்கிரம் பிரேக் அடிக்கிறாரு" என்று சொன்னான். சாருக்குக் கோபம் வந்தது. பிறகு போய்ப் பார்த்தால் உண்மை. "நீ ஓட்டிக் காட்டுடா" என்று விளையாட்டாகச் சொல்லி, ஒரு சோதனை நாளில் உட்காரவைத்தார். மூன்றாவது சுற்றிலேயே அவர் டிரைவரின் நேரத்தை அண்ணன் முந்திவிட்டான். நாலாவது சுற்றில் தளத்தைவிட்டு ஓரத்து மண்ணுக்குள் போய்விட்டான்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் திருப்பித் திருப்பி எழுதினால் அடுத்த மூன்று வருடக் கதை வந்துவிடும். முதல் பந்தயத்தில் முதல் வரிசையில் நின்றான், முதல் திருப்பத்தில் வெளியே. அடுத்ததில் கடைசியில் இருந்து கிளம்பி மூன்றாவதாக முடித்தான். மழையில் எல்லாரும் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒரே ஆளாகப் பறந்தான். ஜெயித்துவிட்டான் என்று நாங்கள் சுவரில் ஏறி நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, இரண்டு சுற்று பாக்கியிருக்க, யாருமே இல்லாத இடத்தில் தானே சுழன்று நின்றான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. "இன்னான்னு தெர்ல பாப்பா. கை நல்லாத்தான் கீது, காலும் நல்லாத்தான் கீது" என்பான்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிள்ளைப்பாக்கத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். வாரம் முழுக்க ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை, பந்தய வாரம் என்றால் எங்களோடு. அண்ணன் வண்டியைக் கிரேன் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொல்வார்: "தங்கச்சி, ஒங்கண்ணன் வேகத்துக்கு நான் வண்டி செஞ்சு குடுத்துருவேன். அவன் கிறுக்குக்கு என்னத்தச் செய்ய, சொல்லு பாப்போம்."

அம்மாவுக்குப் பந்தயம் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அது ஞாயிற்றுக்கிழமை நடப்பதுதான் பிடிக்காது. மாதா கோவிலில் பூசை ஏழரைக்கு. அந்த நேரத்தில் நாங்கள் தளத்தில் டயர் உருட்டிக்கொண்டிருப்போம்.

"சனிக்கிழமை சாயங்காலம் பூசை பார்த்தா ஞாயித்துக்கிழம கணக்குல சேருமாம்மா, ஃபாதரே சொன்னாரு" என்பான் அண்ணன்.

"சேரும்டா. நீ சனிக்கிழமயும் அங்கதான குந்திகினுகீற?"

"அப்ப எனக்கும் சேத்து நீ பாத்துடு."

"உனுக்குச் சேத்துப் பாத்துப் பாத்துத்தான் என் முட்டி தேஞ்சிபோச்சி. போய் வண்டிய முழுசா கொண்டாந்து வுடு, அது போதும்."

இனி என் பங்கு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்டுகளில் மணிக்கு ஐந்து எடுத்து அளந்து, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளி இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தால் எதையும் தொடாதே. வெளியே போனால் காரணம் தேடு. காரணம் இருந்தே தீரும். இதுதான் முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது வாரத்தில் சொல்லிக்கொடுத்தது, அளக்காமல் எண் எழுதாதே என்று. என்னோடு சேர்ந்த ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் முந்தின மணி அளவையே திருப்பி எழுதிவிட்டாள். மறுநாள் அவள் வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சும்மா இருக்க வராது. ஒரு மதிய இடைவேளையில் அண்ணனின் மூன்று வருடச் சுற்று நேரங்களை எல்லாம் கணினியில் ஏற்றினேன். ஷாஃப்டுக்குப் போடுகிற அதே வரைபடம். மேல் கோடு, கீழ் கோடு, நடுவில் அண்ணன். வெளியே போன புள்ளிகளைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் அந்தச் சுற்றுக்கு முன் நான் பலகையில் என்ன காட்டினேன் என்று எழுதினேன். என் நோட்டில் எல்லாம் இருந்தது.

பின்னால் வருகிறவன் ஒரு நொடிக்குள் வந்துவிட்டான் என்று காட்டினால் இரண்டு சுற்றுக்குள் அண்ணன் தப்புச் செய்கிறான். ஐந்து நொடிக்கு மேல் தள்ளி இருக்கிறான் என்று காட்டினாலும் இரண்டு சுற்றுக்குள் தப்பு. முதலாவது பயம், இரண்டாவது சலிப்பு. நடுவில், ஒன்றரையில் இருந்து மூன்று வரைக்கும் காட்டிய சுற்றுகளில் ஒரு சிவப்பு வட்டம்கூட இல்லை. அந்தச் சுற்றுகளில் அவன் கம்பெனியில் கார் ஓட்டுகிற மாதிரியே ஓட்டியிருக்கிறான்.

கோளாறு அவன் கையில் இல்லை, என் பலகையில் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதைச் சரிசெய்யவும் என்னால் முடியும் என்று முடிவு கட்டினேன். எவ்வளவு வேகமாக இரண்டாவது முடிவுக்கு வந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வரைபடத்தை அவனிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் அவன் அதையே யோசித்துக்கொண்டு ஓட்டுவான் என்று பயந்தேன்.

அடுத்த பந்தயத்தில் பின்னால் வருகிறவன் நாலு நொடி தள்ளி இருந்தான். பலகையில் 2.1 செருகினேன். அடுத்த சுற்றில் நாலரை. நான் காட்டியது 1.9. அதற்கடுத்து 2.2. உண்மை போலத் தெரிவதற்காகக் கொஞ்சம் ஆட்டினேன். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்பது என் தொழிலில் கற்றதுதான். அண்ணன் பன்னிரண்டு சுற்றையும் நூல் பிடித்த மாதிரி ஓட்டி ஜெயித்தான். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியவன், "செம்ம டைட் ரேஸ் பாப்பா, கடைசி வரிக்கும் வுடவே இல்ல அவன்!" என்றான். இரண்டாவதாக முடித்த பையன் பக்கத்தில்தான் நின்றான். நல்ல வேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது.

மெக்கானிக் அண்ணாச்சிக்கு மட்டும் தெரியும். சுவரில் என் பக்கத்தில் நின்று கைப்பேசியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கணக்கு ஒதைக்கே?" என்றார். சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவனுக்குத் தெரிஞ்சா என்ன செய்வ?" என்றார்.

"அவனுக்குத் தெரியவராது அண்ணாச்சி."

"தெரியாம எத்தன நாளு?"

நான் அடுத்த சுற்றுக்கான தகட்டைச் செருகினேன். அதற்கடுத்த இரண்டு பந்தயத்திலும் அண்ணன் முழுதாக முடித்தான், ஒன்றில் முதலாவது, ஒன்றில் இரண்டாவது. அந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. மேல் வகுப்பில் ஓட்டுகிற ஒரு பெரிய டீமின் மேனேஜர் மேடம் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். அமைதியாகப் பேசுகிறவர். "இந்த சீசன் பட்டியல்ல நீங்க முதல் மூணு இடத்துக்குள்ள முடிச்சா அடுத்த வருஷம் எங்க வண்டில உங்களுக்கு சீட்" என்று அண்ணனிடம் சொன்னார். அந்த சீட்டில் உட்கார்ந்தால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஓட்டுவது மட்டுமே அவன் தொழில். கொடி பிடித்த நாளில் இருந்து அவன் கேட்டது அது ஒன்றுதான். அவன் அப்போது இருந்தது மூன்றாவது இடத்தில். மிச்சம் இருந்தது கடைசி வாரம்: சனிக்கிழமை ஒரு பந்தயம், ஞாயிறு ஒரு பந்தயம்.

"இத்தன வருஷமா வேகம் இருந்துச்சு, இப்பதான் தலையும் வந்துருக்கு" என்று ஓனர் சார் அவன் முதுகில் தட்டினார். நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அண்ணன் ஜெயித்தான். பின்னால் வந்தவன் ஏழு நொடிக்கு மேல் தள்ளி. நான் காட்டியது இரண்டு.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தேடினால் அவனைக் காணவில்லை. முடிவுகள் ஒட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக யார் எத்தனையாவது என்று மட்டும் ஒட்டுவார்கள்; அன்றைக்கு யாரோ ஒரு டீம் புகார் கொடுத்ததால் ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அண்ணன் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டு போனான். எட்டாவது சுற்றில் விரல் நின்றது.

"எட்டாவது ரவுண்டுல இன்னா போட்ட?"

"ரெண்டு."

"இதுல ஆறு புள்ளி எட்டுன்னு கீது."

நானும் குனிந்து அந்த வரியைப் படித்தேன்.

"போன ரேசு?"

"அதுவும்தான்ணா."

"அதுக்கு முன்னாடி?"

வரைபடத்தை எடுத்து நீட்டினேன். கைப்பேசியிலேயே இருந்தது. சிவப்பு வட்டங்கள், கோடுகள், என் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு வட்டமாகப் பெரிதாக்கிப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எங்கள் வீட்டில் அது அரை மணி நேர வேலை.

"ஏன் பாப்பா, உங்க கம்பெனில ரீடிங் எடுக்காம எழுதுனா இன்னா பண்ணுவாங்க?"

"வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

"ம்" என்றான். பிறகு சிரித்தான். நிஜச் சிரிப்புதான். "நான் பெரிய ஆளாயிட்டேன்னு நெனச்சுகினுகீறேன். நீ ரிமோட்ல ஓட்டிகினுகீற."

"ண்ணா, ஓட்டுனது நீதான்."

"நாளைக்கு நெஜத்தப் போடு."

"சத்தியமா."

"சத்தியம்லாம் வாணாம். நெஜத்தப் போடு, அவ்ளோதான்."

அன்று மாலை அம்மாவோடு பூசைக்குப் போனான். என்னையும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எளிது. நாலாவதாக முடித்தாலே போதும், பட்டியலில் மூன்றாவது இடம் அவனுக்கு. அவன் இரண்டாவதாகக் கிளம்பினான், இரண்டாவதாகவே ஓடினான். முதலாவது வண்டி எங்கோ போய்விட்டது, அதைப் பற்றிக் கவலையில்லை. பின்னால் மூன்றாவதாக ஒரு சிவப்பு வண்டி. நான் உண்மையை மட்டும் காட்டினேன். 2.4. 3.0. 3.7. சிவப்பு வண்டியின் டயர் தேய்ந்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்னார். 4.5. ஐந்தைத் தாண்டப்போகிறது என்று தெரிந்தபோது என் விரல்கள் 2 தகட்டின் மேல் தானாகப் போய் நின்றன. எடுக்கவில்லை. 5.2 என்று காட்டினேன். அடுத்த சுற்றில் 6.1.

அப்போதுதான் இன்னொரு சிவப்பு வண்டி பழுதுபார்க்கும் இடத்தில் இருந்து தளத்துக்குள் வந்தது. அதே டீம், அதே நிறம், அதே கோடுகள். ஏதோ கோளாறாகி நின்று, சரிசெய்துகொண்டு இரண்டு சுற்று பின்தங்கிக் கிளம்பிய வண்டி. அதற்கு இழக்க ஒன்றும் இல்லை. புது டயரில் பறந்தது. சரியாக அண்ணனுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சுவரில் நின்ற எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். பக்கவாட்டில் பெரிய எண் இருக்கிறது. அண்ணனுக்கு? அந்த வேகத்தில் பின்னால் பார்க்கும் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நிறம்தான் தெரியும். சிவப்பு.

அவன் எங்களைக் கடந்தபோது சிவப்பு வண்டி பத்தடி பின்னால். நான் காட்டிய பலகையில் 6.4.

"அய்யோ, அவம் நம்பமாட்டாம்லா" என்றார் அண்ணாச்சி.

நம்ப மாட்டான். எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. பலகை ஆறு நொடி என்கிறது, கண்ணாடி பத்தடி என்கிறது. நேற்று வரை அந்தப் பலகை சொன்னதெல்லாம் பொய் என்று அவனுக்கு நேற்று மத்தியானம்தான் தெரிந்தது.

"பின்னால இருக்கறது வேற வண்டின்னு போடு தங்கச்சி!"

"எதுல அண்ணாச்சி போடறது?"

தகட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன். எண்கள் இருந்தன, ஒரு புள்ளி, இடத்துக்கு ஒரு P, சுற்றுக்கு ஒரு L, உள்ளே வரச் சொல்ல ஒரு IN, எல்லாம் சரி என்று சொல்ல ஓர் OK. ஒரு மனுஷிக்கு இவ்வளவுதான் வார்த்தை. ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதில் பாதி போய்விட்டது. நடு வரியில் இருந்த எண்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு OK செருகினேன். வேறு எதுவும் தோன்றவில்லை. சத்தம் நெருங்கியது, நீட்டினேன்.

நீட்டியபோதே தெரிந்துவிட்டது. எல்லாம் சரி என்பது, ஒரு பொய்க்காரி கடைசியில் சொல்கிற வார்த்தை மாதிரியே இருந்தது.

அவன் போனான். சிவப்பு அவன் பின்னால் போனது. பாக்கி இரண்டு சுற்று. பின்பக்க நேர்பாதையின் முடிவில் இருக்கும் திருப்பம் நாங்கள் நிற்கும் இடத்தில் இருந்து தெரியாது. அவன் கொடி பிடித்து நின்றது அங்கேதான். நான் கைப்பேசியைப் பார்த்தேன். பதினாறு பெயர்கள், பக்கத்தில் ஓடும் எண்கள். பதினான்கு வரிகள் மாறிக்கொண்டிருந்தன. பின்தங்கிய சிவப்பின் வரி மாறவில்லை, அண்ணனின் வரியும் மாறவில்லை. திரையை இழுத்துவிட்டேன், மாறவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். மரங்களுக்கு மேல் மண் எழும்பி, மெதுவாக எங்கள் பக்கம் நகர்ந்தது. நான் அப்போதும் பலகையை வெளியே நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். அண்ணாச்சி வந்து என் கையில் இருந்து வாங்கினார்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்தே வந்தான். முன் சக்கரம் ஒன்று தனியாகக் கிரேனில் தொங்கிக்கொண்டு பின்னால் வந்தது.

"செவப்பு வண்டி எத்தினியாவதா முடிச்சான்?"

"ரெண்டாவது" என்றார் அண்ணாச்சி.

"என்கூடயேதான வந்தான்? அவனும் மண்ணுக்குள்ள வந்தானே."

"அது வேற வண்டில்லா. ரெண்டு சுத்து பின்னாடி கெடந்தவம். நெசமான செவப்பு ஆறு செகண்டு தள்ளி வந்துட்டு இருந்தாம்."

அண்ணன் அண்ணாச்சியைப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

நான் கேட்கலாம் என்று வாய் திறந்தபோது மேனேஜர் மேடம் வந்துவிட்டார். ஓனர் சாரும் கூடவே. மேடம் கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிதான் கேட்டார்.

"நாலாவது போதும்னு உங்களுக்குத் தெரியும். பின்னால போட்டிக்கு யாரும் கிட்ட இல்ல. எதுக்கு அவ்வளவு லேட்டா பிரேக் பண்ணீங்க? போர்டுல தகவல் எதுவும் தப்பா வந்துச்சா?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு இருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தகவல் தப்பு என்று சொன்னால் தவறு டீமுடையது; வேறு டீம், வேறு ஆட்கள் என்றால் இவன் சரியாக ஓட்டுவான் என்று அவர் நினைக்கக்கூடும். நான், "மேடம், அது வந்து, போர்டு..." என்று ஆரம்பித்தேன்.

"போர்டு கரெக்டா இருந்துச்சு மேடம்" என்றான் அண்ணன். "நான்தான் பாக்கல."

"எத்தனை சுற்றா பாக்கல?"

"பாக்கறதே இல்ல மேடம்."

மேடம் தலையை ஆட்டினார். அவன் தோளைத் தொட்டுவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பலகையையே பார்க்காத டிரைவரை யார் எடுப்பார்கள்? ஓனர் சார் தரையைப் பார்த்தபடி கூடாரத்துக்குள் போனார்.

அவர்கள் போனதும், "ண்ணா, பாத்தியா இல்லியா?" என்றேன்.

"அதான் சொன்னேனே."

"அவங்களாண்ட சொன்னது இருக்கட்டும். என்னாண்ட சொல்லு."

"பாக்கல பாப்பா. சாப்ட எதுனா கீதா?"

வண்டியில் ஒரு சின்ன கேமரா உண்டு, அண்ணனின் தலைக்குப் பின்னால். அந்தப் பதிவை வாங்கி எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல விருப்பமில்லை. கடைசி முறை நேர்பாதையில் வரும்போது ஹெல்மெட் லேசாக இடப்பக்கம் திரும்புகிறது. நான் நின்ற சுவர் இடப்பக்கம். அவன் பார்க்கிற கண்ணாடியும் இடப்பக்கம். திரும்பிய தலை எதைப் பார்த்தது என்று பதிவில் தெரியவில்லை. நிறுத்தி, பெரிதாக்கி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாலும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் கேண்டீனுக்கு வெளியே நின்று மேனேஜர் மேடத்துக்குப் போன் செய்தேன். எண்ணை ஓனர் சாரிடம் வேறு ஏதோ காரணம் சொல்லி வாங்கியிருந்தேன். அதுவும் ஒரு பொய்தான். எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், 2.1, மூன்று பந்தயம், சனிக்கிழமை, OK. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் இறக்கிக்கொண்டிருந்தன, காதைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

"உங்க அண்ணன் நேத்து போர்டு சரியா இருந்துச்சுன்னு சொன்னாரு" என்றார் கடைசியில்.

"எனக்காகச் சொன்னார் மேடம்."

"இப்ப நீங்க அவருக்காகச் சொல்லலைன்னு நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

"நான் சொல்றது நெஜம் மேடம். வேணும்னா நோட்ட அனுப்பறேன். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"நோட்டும் நீங்க எழுதினதுதானேம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். "நீங்க சொல்றது உண்மையாவே இருந்தாலும், ஜெயிச்ச மூணு ரேஸ்லயும் அவரு தானா ஓட்டலைன்னு ஆகுது. அது அவருக்கு நல்லதா?"

இடைவேளை முடிந்த மணி அடித்தது. "வேலைல இருக்கீங்க போல, போங்கம்மா" என்று அவரே வைத்துவிட்டார். அந்த வார மத்தியில் அந்த சீட் வேறொரு பையனுக்குப் போனது. நல்ல பையன். அண்ணனைவிட மெதுவானவன், இதுவரை ஒரு பந்தயத்திலும் வெளியே போகாதவன்.

அண்ணன் இந்த வருடமும் அதே வகுப்பில், அதே சாரிடம்தான் ஓட்டுகிறான். ஒரு பந்தயம் ஜெயித்தான், இரண்டில் முடிக்கவில்லை. பலகையை அண்ணாச்சி பிடிக்கட்டும் என்று நான் சொன்னதற்கு, "அவரு கை நடுங்கும், நீயே புடி" என்று சொல்லிவிட்டான். பிடிக்கிறேன். உண்மையைக் காட்டுகிறேன். அவன் படிக்கிறானா என்று கேட்பதில்லை.

போன் செய்ததை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல இரண்டு முறை போனேன். ஒருமுறை பைக் துடைத்துக்கொண்டிருந்தான், ஒருமுறை பி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். இரண்டு முறையும் நிமிர்ந்து, "இன்னா பாப்பா?" என்றான். "ஒண்ணுமில்லண்ணா" என்றேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.